சும்மா ஒரு நாள்

இங்கிலாந்தில் ஒரு கருத்தரங்கு முடிந்த மறுநாள். நான் தங்கியிருந்த வீட்டுத் தம்பி, அங்கே ஆராய்ச்சி மாணவர், சொன்னார்: "அண்ணே, மூணு நாளா பேசிக்கிட்டே இருக்கீங்க. இன்னைக்காவது சும்மா இருங்க. கடலைப் பாத்துட்டு வாங்க."

விட்பியிலிருந்து பஸ் ஏறி, யார்க்‌ஷயர் கடற்கரையில் ராபின் ஹூட்ஸ் பே என்ற பழைய மீனவக் கிராமத்தில் இறங்கினேன். பஸ் மேட்டிலேயே நின்றுவிடும். அங்கிருந்து செங்குத்தான ஒரு தெரு கடலுக்கு இறங்குகிறது. இரண்டு பக்கமும் சிவப்பு ஓட்டு வீடுகள். இடையிடையே ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்துகள்.

முதல் சந்தில் திரும்பும்போது என் கால் தானாக நின்றது. எந்தக் கிராமத்துக்குள் போனாலும் என் கண் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: ஊர் எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது, இந்தத் தெருவில் நான் நடக்கலாமா? சின்ன வயதில் பழகிய பழக்கம், கடல் தாண்டியும் கூடவே வந்திருக்கிறது. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலில் ஒரு பூனை மட்டும் பார்த்தது. அந்தச் சந்தையும் அடுத்ததையும் நடந்தே தீர்த்தேன்.

கடல் உள்வாங்கியிருந்தது. பாறைத் திட்டுகளில் பிள்ளைகள் வாளியோடு நண்டு தேடினார்கள். இந்தப் பாறைகளில் சுருள் சுருளாகப் புதைபடிவங்கள் கிடைக்கும். மேற்குக் கரையிலுள்ள செயின்ட் பீஸிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் நடந்து வருகிறவர்களுக்கு இந்த ஊர்தான் முடிவு. ஆல்ஃப்ரட் வெயின்ரைட் என்பவர் 1973இல் எழுதிய வழிகாட்டிப் புத்தகத்தால் பரவிய நடை இது. அந்தக் கரையில் எடுத்த கூழாங்கல்லை இந்தக் கடலில் போடுவது வழக்கம். ஒரு வயதான தம்பதி போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் கை தட்டினேன்.

டீக்கடை அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பல வீடுகள் விடுமுறைக்கு வாடகை விடுபவை; மகன் இங்கேயே பிறந்தவன், ஆனால் இங்கே வீடு வாங்க முடியாமல் வேறு ஊரில் இருக்கிறான் என்றார். சொர்க்கத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று நான் எழுத மாட்டேன் தோழர்களே.

மேலே ஏறி வந்தபோது ஒரு கல்வெட்டைப் பார்த்தேன். 1881 ஜனவரியில் விசிட்டர் என்ற கப்பல் இந்தக் குடாவில் சிக்கியது. கடல் வழியாக வர முடியாததால், விட்பி மக்கள் தங்கள் மீட்புப் படகைச் சாலை வழியாகவே இழுத்து வந்தார்கள். 200 பேர் 7 அடி பனியை வெட்டி ஒதுக்க, 18 குதிரைகள் கயிற்றில் படகை இழுக்க, இரண்டு மணி நேரத்தில் படகைக் கடலில் இறக்கினார்கள். கப்பலில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

கயிறு என்ற சொல்லில் நின்றுவிட்டேன். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே சுடுகாட்டுக்குப் போக வழி விடாததால், நம் மக்கள் ஒரு உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கேள்வி கேட்டது. அங்கே முகம் தெரியாத மாலுமிகளுக்காகப் பனியை வெட்டி வழி செய்தார்கள். இங்கே இருந்த வழியையே அடைத்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை, அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வெடுத்தால் குற்ற உணர்வு வருகிறது என்று உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கும் வரும். ஆனால் யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு தெருவில் சும்மா நடப்பதற்காகவும்தானே இவ்வளவு போராட்டம்? நமக்குக் கிடைக்கும்போது அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

ஊர் திரும்பியதும் நாராயணபுரம் போய், அந்தச் சுடுகாட்டுப் பாதை இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கப்போகிறேன். யார் யார் வருகிறீர்கள்?