அந்தோணியாரின் தங்கை

வெள்ளகோவிலைத் தாண்டிக் கண்ணபுரத்து மாட்டுச் சந்தைக்குப் போகும் வழியெல்லாம் கொறங்காடுகள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், அதன் நிழலில் காங்கேயம் மாடுகள். தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்த எனக்குத் தண்ணீரே கண்ணில் படாத சித்திரை மாதத்து நிலம் முதலில் அச்சத்தைத் தந்தது. கொஞ்ச நேரத்தில் வனத்து அந்தோணியார் நினைவுக்கு வந்தார். எகிப்தின் பாலை மலையில் தவமிருந்து 356-ல் மறைந்தவர், கால்நடைகளின் காவலர்.

சந்தை முடிந்து நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. சுடச்சுட அரிசிம்பருப்புச் சோறு. நெய்யைத் தாராளமாக ஊற்றிக்கொண்டே நண்பரின் அம்மா கேட்டார்: “ஏங்கண்ணு, உங்களுக்குக் குலதெய்வம் எதுங்க?”

குலதெய்வம் இல்லை, புனிதர்கள்தான் என்று அந்தோணியார் கதையைத் தொடங்கினேன். எங்கள் கரையில் இது பழைய பழக்கம். அண்டிரிக் அடிகளார் புனிதர்களின் வரலாறுகளை 1586-லேயே தமிழில் அச்சாக்கியது எங்கள் மக்களுக்காகத்தான்.

மலையடிவாரத்தில் அந்தோணியார் விதைத்த பயிரைக் காட்டு விலங்குகள் மேய்ந்தனவாம். ஒன்றைப் பிடித்து, “நான் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே, ஏன் இப்படி?” என்று அவர் கேட்க, அப்புறம் எதுவும் அந்தப் பக்கம் வரவில்லையாம். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. “அப்ப வேலியே வேண்டாமுங்க!”

உற்சாகத்தில் முன்கதைக்குப் போனேன். இருபது வயதுக்குள் பெற்றோரை இழந்தவர். ஏறக்குறைய 200 ஏக்கர் நல்ல நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். மற்றவற்றை விற்று ஏழைகளுக்குத் தந்தார். தங்கைக்கென்று வைத்திருந்த கொஞ்சத்தையும் பிறகு கொடுத்துவிட்டு, அவளைக் கன்னியர் சிலரிடம் ஒப்படைத்துக் கிளம்பினார்.

“பொறந்தவளுக்கு வெச்சதையுமா?” கரண்டி நின்றுவிட்டது.

நிலத்தைக் கொடுத்ததற்குத்தான் விவசாயி வீட்டில் வருத்தப்படுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் இது சகோதரிக்கு இணைச்சீர் செய்துவிட்டு முகூர்த்தத்துக்குப் போகிற ஊர். இங்குள்ள வீரக்குமாரசாமி கோயிலுக்குள் பெண்கள் போவதில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து, இந்த ஊர்ப் பெண்கள் சாமி விஷயத்தில் வாய் திறக்கமாட்டார்கள் என்றொரு எண்ணம் எனக்குள் இருந்தது. எதிரில் இருந்தவரோ விடுவதாக இல்லை. அழைத்தவர் கடவுள் ஆயிற்றே, அகுஸ்தினாரின் மனதையே மாற்றிய வாழ்க்கை ஆயிற்றே என்று வாதாடினேன்.

“அவரைக் கூப்பிட்ட சாமி அந்தப் புள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுச்சுங்களா?”

பல ஆண்டுகளுக்குப் பின் மலையிலிருந்து இறங்கி வந்தவர் தங்கையைப் பார்த்தார், முதிர்ந்து மற்றக் கன்னியருக்குத் தலைவியாக இருந்தாள், கண்டு மகிழ்ந்தார் என்றேன். அம்மாவின் முகம் தெளிந்தது. “கெட்டிக்காரிதான். பேரென்னுங்க?”

வரலாற்றை எழுதிய அத்தனாசியார் பெயரைச் சொல்லவில்லை. அந்தோணியார் விட்டுச்சென்ற இரண்டு ஆட்டுத்தோல்களில் ஒன்று தனக்கு, மற்றது செரப்பியோன் ஆயருக்கு என்று எழுதியிருக்கிறார். தங்கை பெயர் இல்லை.

“தோலு ஆருக்குன்னு எழுதுனவரு, பொறந்தவ பேர எழுதலீங்களா?”

அம்மா கேட்டது முழுக்க நியாயம். சிறுவயதிலிருந்து எத்தனையோ மறையுரைகளில் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். தங்கையைப் பற்றி அரை வாக்கியத்துக்கு மேல் எவரும் பேசியதில்லை. ஜனவரி 17 அந்தோணியாரின் திருவிழா. அன்று அந்தத் தலைவியைப் பற்றியும் பேசச் சொல்லி எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்கப்போகிறேன். மறுத்தால், கோயில் முற்றத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து நானே சொல்வேன்.