காமிராவுக்கு ஒரு கண் பரிசோதனை

கோடை விடுமுறைக்காகச் சென்னையிலிருந்து அரக்கோணம் வந்திருந்த என் பேத்தி, பழைய பீரோவைத் துழாவி ஒரு சிறு காமிராவை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். 2007ஆம் ஆண்டு, ரயில்வேயில் என்ஜின் டிரைவர் பணியினின்று ஓய்வு பெற்றபோது நான் வாங்கிய டிஜிட்டல் காமிரா அது, சட்டைப்பையில் அடங்கக்கூடியது. கைப்பேசியே காமிராவாகிவிட்ட இந்நாளில் இத்தகைய பெட்டிகளுக்கு மதிப்பில்லை என்றே எண்ணியிருந்தேன். ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் இவற்றை மீண்டும் தேடிப் பிடித்துப் பயன்படுத்துகிறார்களாம்.

"தாத்தா, இது நல்ல காமிராதானா? படம் நன்றாக விழுமா?" என்று கேட்டாள்.

"ஏழு மெகாபிக்சல், அம்மா!" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அந்த ஓர் எண்ணையே விடையாகக் கருதிய காலம் எனக்கும் இருந்தது. அதன் பொருளை உணராமல் நான் இழந்தது என்ன என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

"சோதித்துப் பார்த்துச் சொல்வோம்" என்றேன். என்ஜின் டிரைவராகச் சேர விரும்புகிறவனுக்கு ரயில்வேயில் ஏ-1 வகுப்புப் பார்வை வேண்டும். கண்ணாடியின் உதவியின்றி இரு கண்களிலும் 6/6 பார்வை இருத்தல் வேண்டும். நிறங்களைப் பிழையின்றிப் பிரித்தறிதல் வேண்டும். "என் கண் நல்ல கண்" என்று வாயால் சொன்னால் மருத்துவர் ஒப்புக்கொள்வாரா? அவ்வண்ணமே காமிராவுக்கும் ஒரு கண் பரிசோதனை நடத்துவதென்று நானும் பேத்தியும் முடிவு செய்தோம். இரண்டு பென்சில் செல்களை இட்டதும், நெடுநாள் உறங்கிய பெட்டி விழித்துக்கொண்டது.

முதலில் ஒரு செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டினோம். கை நடுக்கம் படத்தைக் கெடுக்காதிருக்கக் காமிராவை முக்காலியின்மீது வைத்து, தானாக இயங்கும் டைமரில் படம் எடுத்தோம். கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்த்தபோது நடுப்பகுதியின் சிறு எழுத்துகளும் தெளிவாக இருந்தன. நான்கு மூலைகளிலோ எழுத்துகள் சற்றே குழைந்திருந்தன. சிறிய லென்சுகளில் இது பெரும்பாலும் காணக்கூடிய குறையே. மூலைவரை தெளிவு காட்டும் லென்சே உயர்ந்த லென்சு.

அடுத்து, கொல்லைப்புறத்து வேப்பமரத்தின் இலைகளை வெளிர்வானம் பின்னணியில் இருக்குமாறு படம் பிடித்தோம். இலைகளின் ஓரங்களில் மெல்லிய ஊதா நிறக் கோடு ஒன்று படர்ந்திருந்தது. ஒவ்வொரு நிற ஒளியையும் லென்சு வெவ்வேறு அளவில் வளைக்கிறது. அவை ஒரே இடத்தில் வந்து குவியாவிடில் இத்தகைய கறை தோன்றும். கூர்ந்து நோக்கினாலன்றித் தெரியாத குறையாதலால் அதை மன்னித்தோம்.

மூன்றாவது சோதனைக்கு, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் பணிபுரியும் என் மகன் கொணர்ந்து வைத்திருந்த ஆட்டுத்தோல் துண்டு ஒன்று உதவிற்று. பதனிட்ட தோலின்மேல் மயிர்த்துளைகளும் நுண்ணிய சுருக்கங்களும் நிறைந்திருக்கும். அதைக் காலை வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 80 என்னும் அளவிலும், மாலையில் விளக்கொளியில் ஐ.எஸ்.ஓ. 800 என்னும் அளவிலும் எடுத்தோம். காலைப் படத்தில் துளைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. மாலைப் படத்திலோ மணலை வாரி இறைத்தாற்போல் புள்ளிகள். அப்புள்ளிகளைத் துடைக்க முயன்ற காமிரா, தோலின் உண்மையான துளைகளையும் சேர்த்தே துடைத்துவிட்டது!

"இது ஏன், தாத்தா?" என்றாள் பேத்தி.

காமிராவினுள் ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பு ஏறத்தாழ 25 சதுர மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்தின் பரப்போ 864 சதுர மில்லிமீட்டர். அதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு இடத்திற்குள் எழுபது இலட்சம் ஒளிக்குழிகளை அமைத்திருக்கிறார்கள். முற்றத்தில் மழைநீர் பிடிக்க ஓர் அண்டாவை வைப்பதற்குப் பதிலாக நூறு சங்கடைகளை வைத்தாற்போன்ற நிலை இது. பெருமழையில் சங்கடைகளும் நிரம்பிவிடும். தூறலிலோ ஒவ்வொன்றிலும் நாலைந்து துளிகளே விழும். ஒன்றில் சற்றுக் கூடும், ஒன்றில் சற்றுக் குறையும். அந்த ஏற்றத்தாழ்வே நம் கண்ணுக்கு மணல் புள்ளிகளாகத் தெரிகிறது. ஆகவே அதே அளவு சென்சாரில் மெகாபிக்சலை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதனால் இருட்டில் காமிராவின் பார்வை கூர்மையடைந்துவிடாது.

பின்னர் நிறச் சோதனை. பேத்தியின் அரக்கு நிறத் தாவணி பகலில் அரக்காகவே விழுந்தது. டியூப்லைட்டின் கீழ் அவள் முகத்தில் பச்சை சாயல் படர்ந்தது. இதில் வியக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஒளிக்குழியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரே நிறத்தைத்தான் அறியும். நான்கு குழிகளில் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் உரியவை. கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் வகுத்து 1976ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறை இது. எஞ்சிய நிறங்களை அண்டை அயல் குழிகளைப் பார்த்துக் காமிரா கணித்துக்கொள்கிறது. விளக்கின் தன்மையைத் தவறாக மதிப்பிட்டுவிட்டால் முகத்தின் நிறமும் தவறிவிடும். விளக்கு இன்னதென்று காமிராவின் அமைப்பில் நாமே குறிப்பிட்டதும் முகம் சரியாயிற்று.

இறுதியில் முடிவைத் தாளில் எழுதினேன்: "பகற்பார்வை நன்று, இரவுப்பார்வை குறைவு, ஓரப்பார்வை சுமார், நிறப்பார்வை, துணையிருந்தால் நன்று." பேத்தி அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் மௌனமாயிருந்தாள். பிறகு சுவரைச் சுட்டிக்காட்டி, "பாட்டியின் அந்தப் படம் பகலில் எடுத்ததுதானே, தாத்தா? அது மட்டும் ஏன் அப்படி இருக்கிறது?" என்று கேட்டாள்.

வாசகர்களே, நான் சொல்ல ஒத்திவைத்த செய்தி இதுதான்.

என் துணைவி காமிராவின் முன் நிற்க நாணுபவள். 2008ஆம் ஆண்டு, ஒரு காலை வேளையில், முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நான் அழைத்ததும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அழகிய இளவெயில். காமிரா எந்த வெளிச்சத்தில் தேறுமோ அதே வெளிச்சம். ஆனால் காமிராவோடு இனாமாக வந்த கார்டு 16 எம்.பி. அளவே கொண்டது. உயர்ந்த தரத்தில் எடுத்தால் நாலைந்து படங்களுக்கு மேல் அதில் இடமில்லை. சிறிய அளவில் எடுத்தால் ஐம்பதுக்கு மேல் எடுக்கலாம் என்று கணக்கிட்டு, 640க்கு 480 என்னும் மிகச் சிறிய அளவில் அமைத்திருந்தேன். எழுபது இலட்சம் புள்ளிகளைத் தர வல்ல பெட்டியிடமிருந்து மூன்று இலட்சம் புள்ளிகளை மட்டுமே கேட்டு வாங்கியிருக்கிறேன்!

2011ஆம் ஆண்டில் அவள் ஆண்டவரில் துயில்கொண்டாள். சுவரில் மாட்டுவதற்குப் படத்தைப் பெரிதாக்க ஸ்டுடியோவுக்கு எடுத்துச் சென்றேன். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 300 புள்ளிகள் வேண்டும். முழு அளவில் எடுத்திருந்தால் 3072 புள்ளி அகலம் கிடைத்திருக்கும். 12 அங்குலப் படத்தில் அங்குலத்திற்கு 256 புள்ளிகள் அமைந்து, முகம் உயிரோடு நின்றிருக்கும். எனக்குக் கிடைத்ததோ அங்குலத்திற்கு 53. அவளுடைய இடப்புருவத்தின் அருகே, சிறுவயதில் கிணற்றடியில் விழுந்த தழும்பு ஒன்று உண்டு. அது படிக்கட்டுபோன்ற சதுரங்களில் கரைந்து போயிற்று. "படத்தில் இல்லாததை நான் எங்கிருந்து கொண்டுவருவேன், ஐயா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

1974ஆம் ஆண்டு, எங்களுக்குத் திருமணமான புதிதில், இரவல் பெட்டிக் காமிராவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும் என்னிடம் உள்ளது. அந்தக் காமிராவின் லென்சு மிக எளியது. ஒரு சுருள் ஃபிலிமில் பன்னிரண்டே படங்கள். ஆனால் ஒவ்வொரு படமும் ஆறு சென்டிமீட்டர் சதுர நெகட்டிவ். அதைப் பெரிதாக்கினால் இன்றும் அந்தத் தழும்பு தெரிகிறது! அக்காலத்தில் நாம் படங்களின் எண்ணிக்கையில் சிக்கனம் பிடித்தோம். எடுத்த படம் முழுமையாக இருந்தது. நானோ பிற்காலத்தில் எண்ணிக்கையில் ஊதாரியாகி, படத்தின் உயிரில் சிக்கனம் பிடித்தேன். அந்த ஐம்பது படங்களில் பாதி, வாசற்படியும் பூந்தொட்டியும்தான்.

இதைக் கேட்ட பேத்தி, தன் கைப்பேசியில் உள்ள ஏதோ ஒரு செயலியில் பாட்டியின் படத்தை இட்டுத் தெளிவாக்கித் தந்தாள். கண்ணிமைகளும் தெரிந்தன, பற்களும் பளிச்சிட்டன. ஆயினும் நெஞ்சம் ஒப்பவில்லை. புருவத்தருகே தோல் வழவழவென்றிருந்தது. இயந்திரம் தான் அறிந்த ஆயிரம் முகங்களிலிருந்து ஒரு முகத்தை ஊகித்து வரைந்திருக்கிறது. தெளிவான முகந்தான், என் மனைவியின் முகம் அன்று. மங்கலான பழைய படமே சுவரில் இருக்கட்டும் என்றேன்.

பேத்தி காமிராவை எடுத்துக்கொண்டாள். புதிய கார்டை இட்டு, படத்தின் அளவை மிகப் பெரியதாகவும், ஐ.எஸ்.ஓ.வை 80 ஆகவும் நானே அமைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில், பாட்டி அமர்ந்திருந்த அதே முற்றத்தில் என்னை அமர்த்திப் படம் எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தோம். கன்னத்துச் சுருக்கங்கள், சவரம் செய்யும்போது தப்பிய வெண்மயிர், மூக்குக்கண்ணாடி அழுத்திய வடு ஆகிய அனைத்தும் தெரிந்தன. "கிழவனை இப்படிக் காட்டிக்கொடுத்துவிட்டாயே!" என்றேன். "இதில் எதையும் அழிக்கமாட்டேன், தாத்தா" என்றாள்.

உங்கள் இல்லத்திலும் பழைய காமிராவோ புதிய கைப்பேசியோ இருக்கும். அதன் கண் எத்தகையது என்பதை ஒரு செய்தித்தாளைக் கொண்டே நீங்கள் அறிந்துகொள்ளலாம். ஆனால் முதற்கண், படத்தின் அளவு எதில் நிற்கிறது என்று இன்றே திறந்து பாருங்கள். பெரியவர்களைப் பகல் வெளிச்சத்தில் அமர்த்தி, முழு அளவில் ஒரு படம் எடுத்து, அச்சிட்டு, பிரதியை வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். இடம் போதாவிட்டால் பூந்தொட்டிப் படங்களை அழித்துக்கொள்ளலாம்.