ஓட்டுப்பெட்டிக்கு வெளியே

கொட்டாம்பட்டி, கருங்காலக்குடி, மேலூர் வட்டாரத்தில் எந்த ஊர் எந்தக் கட்சிப் பக்கம் என்பதை டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் கணித்துவிடலாம் என்று எங்கள் சீனியர் வக்கீல்கள் சொல்வார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு அந்தக் கணிப்பு பெரும்பாலும் பலிக்கும். ஊராட்சித் தலைவர் தேர்தலில் அது எடுபடாது, ஏனென்றால் அந்தப் பதவிக்குக் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சி பார்த்துக் குத்துகிறவர், தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டைக் கையில் வாங்கியதும் ஆளைப் பார்க்கிறார். ஆளைப் பார்ப்பது என்றால் இங்கே என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கட்சிகளுக்கும் இது வசதி. தகராறு வந்தால், 'அது ஊர் விவகாரம்' என்று ஒதுங்கிக்கொள்ளலாம்.

மேலூர் வட்டத்து மேலவளவில் 1996-ல் நடந்தது இதுதான். அது பின்னால் கொலை வழக்கானபோது நான் அதில் வக்காலத்துப் போட்டவனில்லை. ஆனால் கடைசிவரை கவனித்துவந்தவன். 73-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தமிழகம் சந்தித்த முதல் ஊராட்சித் தேர்தல் அது. மேலவளவின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மனுப் போட்டவர்கள் மிரட்டலுக்கு அஞ்சி வாபஸ் வாங்கினார்கள். அக்டோபரில் மற்ற ஊர்கள் ஓட்டுப்போட்டபோது இங்கே தேர்தல் இல்லை. வாபஸ் படிவத்தில் கையெழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தேர்தல் அதிகாரியின் வேலை. அந்தக் கையெழுத்துக்கு முந்தின இரவு வீட்டு வாசலில் யார் வந்து நின்றார்கள் என்பது அவர் கோப்பில் ஏறாது. தேர்தல் நடைமுறையில் நீதிமன்றம் குறுக்கிடக் கூடாது, முடிந்தபின் தேர்தல் மனுவாகத்தான் வர வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் நடக்காத தேர்தலை எதிர்த்து யார் மனுப் போடுவது?

டிசம்பர் 28-ல் மறுபடி வைத்தார்கள். ஓட்டுப்பெட்டிகளைப் பறித்ததால் நின்றது. மூன்று நாள் கழித்து, 31-ம் தேதி, போலீஸ் காவலோடு நடந்தது. ஆதிக்க சாதியினர் புறக்கணித்தார்கள், தலைவர் பதவிக்கு நின்ற முருகேசன் வென்றார். இத்தனை சதவீதம் பதிவானால்தான் தேர்தல் செல்லும் என்ற விதி நம் சட்டத்தில் இல்லாததால் அவர் வெற்றியை யாரும் அசைக்க முடியவில்லை. ஆனால் ஊரில் அன்று விழாத ஓட்டுகளுக்கும் ஓர் அர்த்தம் இருந்தது; எண்ணுவதற்குத்தான் சட்டத்தில் வழியில்லை. ஊராட்சி அலுவலகத்து நாற்காலியில் அந்தத் தலைவர் நிம்மதியாக உட்கார முடியவில்லை. 1997 ஜூன் 30-ல், எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து அவரையும் துணைத்தலைவர் மூக்கனையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள்.

விசாரணை சேலத்துக்கு மாற்றப்பட்டது. உள்ளூரில் நின்று சாட்சி சொல்ல முடியாத நிலையில் அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அதன் செலவை யார் சுமந்தார்கள் என்று பாருங்கள். கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் வாய்தாவுக்காக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏற வேண்டும். போகவும் வரவும் இரண்டு நாள் கூலி போச்சு. வக்கீல் ஒருவர் வாய்தா கேட்டுவிட்டால் மறுபடி அதே பயணம். சம்மன் படி என்று கோர்ட் கொடுக்கும் பணத்தை வாங்கியவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். அப்படியும் சாட்சிகள் போய்ச் சொன்னார்கள். 2001 ஜூலையில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உயர் நீதிமன்றம் 2006-லும் உச்ச நீதிமன்றம் 2009-லும் அதை உறுதி செய்தன.

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில், ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் யாரையும் உட்காரவிடாத அதே காரியம் ரத்தம் சிந்தாமலே நடந்தது. ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கொடுத்தார், அல்லது யாரும் மனுவே போடவில்லை. சட்டம் கடிதத்தைத்தான் பார்க்கும், எழுதவைத்தவரைப் பார்க்காது. 2006 அக்டோபரில்தான் அங்கே உருப்படியாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசியது, அவ்வளவுதான். பத்து வருடம் சும்மா இருந்ததற்குச் சட்டத்தைக் காரணம் காட்டியவர்களுக்கு அதுவே பதில்.

மேலவளவுக் கைதிகளில் மூன்று பேர், உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு முந்தின ஆண்டே, 2008-ல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி வெளியே வந்தார்கள். 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி வந்தார்கள். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு, வக்கீலாக அதை நான் மறுக்க மாட்டேன். என் கோரிக்கை சின்னது. இப்படி ஓர் ஆணையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், சேலத்துக்கு பஸ் ஏறிப் போய் சாட்சி சொன்ன குடும்பங்களுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பி அவர்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்று விதியில் எழுதுங்கள்.