ஓலைப்பட்டை

உடன்குடிப் பக்கத்துக் கறிக்கடைகளில் ஒரு காலத்தில் கறியை ஓலைப்பட்டையில்தான் வைத்துக் கொடுப்பார்கள். பச்சைப் பனையோலையை விரித்து, நுனிகளை ஒன்றாகக் கூட்டி, அதே ஓலையில் கிழித்த கீற்றால் ஒரு முடிச்சு. ஒரு சொட்டுகூடக் கீழே ஒழுகாது. வீடு வந்ததும் கறி சட்டிக்குப் போகும், பட்டை கொல்லைக்குப் போகும், நாலு வெயிலில் காய்ந்து அடுப்புக்கு வந்துவிடும். அந்தக் கடைத்தெருவில் இன்று கறுப்புக் கேரி பை தொங்குகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. துணிப்பை காய்கறிக்குச் சரி. ஈரம் சொட்டும் கறிக்கும் மீனுக்கும் எங்கள் ஊரில் பனை இருந்தது.

பதநீர் குடித்தவர்களுக்குத் தெரியும், பட்டையில் குடிப்பதும் தம்ளரில் குடிப்பதும் ஒன்றல்ல. பங்குனி பிறந்தால், பதநீர் காய்ச்சும் குடிசைகளான விடிலிகளில் அடுப்பு எரியத் தொடங்கும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். காலையில் இறக்கியதை வடிகட்டி, மடித்த பட்டையில் ஊற்றித் தருவார்கள். இரண்டு கையாலும் ஏந்திக்கொள்ள வேண்டும். மூக்கு ஓலைக்குள் போய்விடும். பச்சை ஓலை வாசனையும் இனிப்பும் கலந்து இறங்கும். நுங்கைக் கீறிப் போட்டால் மடிப்புகளுக்குள் அது வழுக்கிக்கொண்டு ஓடும், விரலால் துரத்திப் பிடிக்க வேண்டும். குடித்த பட்டையை அங்கேயே போட்டுவிட்டு வருவோம். காய்ந்ததும் அதுவும் கருப்பட்டி காய்ச்சும் அடுப்புக்குத்தான். காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றி ஆறவைப்பார்கள், கருப்பட்டிக்கு அந்த அரைக்கோள வடிவம் வந்தது அப்படித்தான். ஆக, மரத்தின் சாற்றை அதே மரத்தின் சருகே காய்ச்சிக் கொடுத்தது. வெளியிலிருந்து வந்தது கொஞ்சம் சுண்ணாம்பும் தென்னையின் சிரட்டையும்தான்.

ஆச்சி வீட்டில் எல்லாமே ஓலைப்பெட்டியில்தான் இருக்கும். அரிசி அளக்க ஒன்று, மிளகாய் வற்றலுக்கு ஒன்று, அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி கருப்பட்டிக்கு ஒன்று. புகை பட்டால் கருப்பட்டி கசியாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து முடைவாள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை உரித்தெடுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்திருப்பாள். ஈரம் இல்லாவிட்டால் மடிக்கும்போது ஒடியும், கூடிவிட்டால் பூசணம் பிடிக்கும். உரித்த ஈர்க்கும் வீணாகாது, அதில் தட்டு பின்னுவாள். பெட்டியின் மூலை தேய்ந்தால் புது ஓலை வைத்துப் பொத்துவாள். “ஏட்டி, ஈரத் தரையில வைக்காத. காயப்போட்டு எடுத்தா ஒன் பிள்ள காலம் வரைக்கும் வரும்” என்பாள். பொத்த முடியாத அளவுக்கு இற்றுப்போனால் அரிசிப் பெட்டி சாம்பல் அள்ளும் பெட்டியாகும். அதற்கும் ஆகாவிட்டால் அடுப்பு. அந்தச் சாம்பலில் பாத்திரம் துலக்கி, துலக்கிய தண்ணீர் வாழைக்குப் போகும். வீட்டுக்கு வந்த ஒரு பொருள் எங்கே போய் முடியும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் சென்னை வீட்டு வாசலில் காலையில் வரும் குப்பை வண்டியில் நான் போடுவது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது அதுதான்.

பனையேற்றம் எளிய பிழைப்பில்லை. சொரசொரத்த மரத்தை மார்போடு அணைத்து ஏறி ஏறி நெஞ்சு காய்த்துப்போனவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தங்கள் பிள்ளைகள் மரமேறக் கூடாது என்று அவர்கள் நினைத்ததில் முழு நியாயம் இருக்கிறது. அவர்கள் பட்ட பாட்டுக்கு ஏற்ற கூலியை நாம் ஒருநாளும் கொடுக்கவில்லை. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் திருச்செந்தூர் சாலையில் போகும்போது பாருங்கள், ஆள் ஏறாத பனையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். கழிக்காத காவோலை கழுத்தைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். மரம் நிற்கிறது, ஏறத்தான் ஆளில்லை. ஓலை கீழே வராமல் பெட்டி எங்கிருந்து வரும்?

சில்லுக்கருப்பட்டியைச் சின்ன ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுக்கும் கடைகள் திருச்செந்தூரில் இன்னும் இருக்கின்றன. பக்கத்திலேயே பிளாஸ்டிக் பொட்டலமும் இருக்கும், விலை குறைவு. நான் பெட்டியோடுதான் வாங்குவேன், சொல்லும் விலைக்கு. கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிக்கக் குருத்தோலை வேண்டும் என்று முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவைக்கிறேன், பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். பெட்டி முடையும் அக்கா ஒருத்தியிடம் என் மகளை இந்தக் கோடை விடுமுறையில் அனுப்பிவைக்கப் போகிறேன். கறிக்கடைக்குத் தினமும் பட்டை மடித்துத் தர ஓர் ஆள் அமைந்தால் ஓலைக்கும் கூலிக்கும் நான் பொறுப்பு என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் விசாரிக்கிறார்.