தொடர்பு அறும்போது

பரந்தன் ஒரு சந்தி. கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கும் பூநகரிக்கும் வழி பிரிவது இங்கேதான். தொடர்புகளால் வாழும் இவ்வூர், தொடர்பு அறுதலையும் நன்கறியும். 1990இல் நின்றுபோன யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடியது 2014இலேதான். 2002இல் திறந்த கண்டி வீதி 2006இல் மறுபடியும் மூடப்பட்டது. ஆகவே, 'தொடர்பு என்றும் இருக்கும்' என்று இங்கு எவரும் நம்பியிருப்பதில்லை. ஆனால் எமது கைத்தொலைபேசிகளில் இயங்கும் மென்பொருள்கள் பலவும் அந்த நம்பிக்கையின் மீதே கட்டப்பட்டிருக்கின்றன. இம்முரண்பாட்டை எமக்கு உணர்த்தியது ஒரு மாணவியின் கேள்வி.

அது கார்த்திகை மாத மாலைப்பொழுது. மழை விட்டும் தூவானம் விடவில்லை. எம்மிடம் கணிதம் பயின்ற பிள்ளையொருத்தி, தொழிற்கல்வி நெறியொன்றுக்கு இணையவழி விண்ணப்பிப்பதற்காக எமது வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்திருந்தாள். தாயார் கச்சான் தோட்டத்திற் கூலி வேலை செய்பவர். விண்ணப்பக் கட்டணம் அவரது இரண்டு நாட் கூலி. படிவத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு வட்டம் சுழலத் தொடங்கியது. சுழன்றுகொண்டேயிருந்தது. நெடுநேரத்தின் பின் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றிற்று: ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயல்க என்று. அவ்வளவுதான்.

"காசு போச்சுதோ இல்லையோ எண்டு தெரியேல்லை. திரும்பவும் அமத்தட்டோ, சேர்?"

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எமக்கும் அதற்கு விடை தெரியவில்லை. தெரியாதென்று சொல்லவும் மனம் வரவில்லை. "அமத்து, பிள்ளை" என்றோம். மறுநாள் பார்த்தபோது கட்டணம் இரு தடவை கழிக்கப்பட்டிருந்தது. மேலதிகத் தொகையை மீளப் பெறுவதற்காகத் தாயார் இரண்டு நாள் வேலையை விட்டு அலைந்தார். ஈற்றிற் பெற்ற பணம், இழந்த கூலிக்குச் சரியாயிற்று. அது எந்த நிறுவனம் என்பது இங்கு பொருளன்று. எந்த நிறுவனத்திலும் நிகழக்கூடியதே.

தைப்பொங்கலுக்கு ஊர் திரும்பிய எமது பழைய மாணவர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். அவர் கொழும்பில் மென்பொருட் பரிசோதகராகப் பணியாற்றுபவர். "நீங்கள் பிழை விடேல்லை, சேர். அந்த இடத்தை அவையள் சோதிச்சுப் பாக்கேல்லை" என்றார். பின்னர் தமது மடிக்கணினியைத் திறந்து எமக்குப் பாடம் நடத்தினார். ஆசிரியர் மாணவராவதிற் குறைவொன்றுமில்லை.

தொடர்பு அறுதல் என்பது ஒன்றன்று, பல. முதலாவது, முகவரியே இல்லாமை. இதனைச் சோதிப்பதற்கென்றே 'இன்வாலிட்' என முடியும் பெயர்கள் 1999இல் ஒதுக்கி வைக்கப்பட்டன; அவற்றை எந்தத் தளத்துக்கும் இடுவதில்லை. இரண்டாவது, மறுப்பு. மறுமுனையிற் கணினி உண்டு. ஆனால் கதவு அடைத்திருக்கிறது. 'முடியாது' என்ற விடை உடனே வருகிறது. மூன்றாவது, மௌனம். ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது.

முன்னைய இரண்டும் எளியவை. தொல்லை முழுவதும் மௌனத்திலேயே இருக்கிறது. செய்தி போய்ச் சேரவில்லையா? அல்லது சேர்ந்து, வேலையும் முடிந்து, பதில் மட்டும் வழியிற் தொலைந்துவிட்டதா? அனுப்பியவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது இரண்டாவது.

போர்க்காலத்தில் வன்னியிலிருந்து கடிதமெழுதிக் காத்திருந்தோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஜேர்மனியிலிருந்த எமது அண்ணருக்கு அம்மா பணம் கேட்டு எழுதுவார். மாதங்கள் சென்றும் பதில் வராவிடின் மீண்டும் எழுதுவார். ஆனால் மறவாது ஒரு வரி சேர்ப்பார்: "இது சித்திரையிற் கேட்ட அதே காசு. புதிதாகக் கேட்கவில்லை." இரண்டு கடிதங்களும் போய்ச் சேர்ந்தாலும் அண்ணர் ஒரு தடவையே அனுப்புவார். கூலி வேலையில் அல்லற்படும் மகனுக்குத் தம்மால் இரட்டைச் சுமை நேரக்கூடாதென்பது அம்மாவின் கவலை.

இதைக் கேட்டதும் மாணவர் வியந்தார். அவர் சொல்ல வந்த மருந்தும் அதுவே. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கைத்தொலைபேசியே தனியோர் எண்ணை இடவேண்டும். மீண்டும் அனுப்பும்போது அதே எண்ணுடன் அனுப்பவேண்டும். பெறும் கணினி அந்த எண்ணை முன்னரே கண்டிருப்பின், பணத்தை மறுபடி கழிக்காது பழைய விடையையே திருப்பித் தரும். இதனை அவர் எமது கண்முன்னே சோதித்துக் காட்டினார். லினக்ஸ் இயங்குதளத்தில் இணைப்பை வேண்டுமென்றே கெடுக்கும் வசதி உண்டு. நூறு செய்தித் துண்டுகளிற் பத்தைத் தொலைக்கலாம். ஒவ்வொன்றையும் அரை விநாடி தாமதப்படுத்தலாம். அவ்வாறு கெடுத்த பின், கணக்கிற் பதிவு விழுந்து பதில் புறப்படும் தறுவாயில் இணைப்பை அறுத்தார். எண் இல்லாதபோது இரண்டு பதிவுகள் விழுந்தன. எண் இருந்தபோது ஒன்றே விழுந்தது. சோதனைக்குச் சென்றது ஒரு மாலைப்பொழுது.

மீண்டும் முயல்வதிலும் ஓர் ஒழுக்கம் உண்டு. 1986 ஒக்ரோபரில், கலிபோர்னியாவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் அருகே நானூறு யார் தொலைவிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பின் வேகம், விநாடிக்கு 32,000 பிற்றுகளிலிருந்து 40 பிற்றுகளாக வீழ்ந்தது. நெரிசலிற் சிக்கிய பாதையிற் கணினிகள் அதே செய்திகளைத் திரும்பத் திரும்பத் திணித்து நெரிசலைப் பெருக்கியதே காரணம். வான் ஜேகப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரை, நெரிசலைக் கண்டால் அனுப்புவோர் தணிந்துகொள்ளும் வழியைக் கூறிற்று. இன்று நல்ல மென்பொருள் ஒரு விநாடி, பின் இரண்டு, நான்கு, எட்டு எனக் காத்திருந்தே மீண்டும் முயல்கிறது. தனியொருவர் முந்த முயன்றால் அனைவரும் பிந்துவர் என்பது வரிசையில் நின்று பழகிய எமது மக்கள் அறிந்த உண்மையே.

இத்தனையும் தெரிந்திருந்தும் ஏன் சோதிப்பதில்லை? அறியாமை மட்டும் காரணமன்று. பீற்றர் டொயிற்ச் என்ற கணினி அறிஞர், வலையமைப்புப் பற்றிப் பொறியியலாளர் கொள்ளும் பொய்யான எடுகோள்களை 1994இல் தொகுத்தபோது, முதலாவதாக வைத்தது 'வலையமைப்பு நம்பத்தக்கது' என்பதையே. 2015இல் முகநூல் நிறுவனம், செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணிநேரம் மெதுவான இணைப்பைப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பைத் தன் ஊழியருக்கு அளித்தது. நல்ல முயற்சிதான். ஆயினும் அவர்களுக்கு அது விரும்பி ஏற்கும் ஒரு மணிநேரம். மழைநாளில் எமக்கோ நாள் முழுவதும் அதுவே. மென்பொருளைச் செய்வோரின் மேசையில் அறாத இணைப்பு இருக்கிறது. சோதனைக்குச் செலவிடும் காலம் நிறுவனத்தின் கணக்கிற் செலவாக எழுதப்படுகிறது. சோதியாமையின் செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. அது கச்சான் தோட்டத்திற் கூலி வேலை செய்யும் தாயின் இரண்டு நாட்களாகக் கழிகிறது.

மொழியும் இதிற் சேர்ந்ததே. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் படிவத்தைத் தமிழில் அமைப்போர் கூடப் பிழைச்செய்தியைத் தமிழில் அமைக்க மறந்துவிடுகின்றனர். எல்லாம் நன்றாக நடக்கும்போது மனிதருக்கு மொழி அத்துணை வேண்டுவதில்லை. இடர் நேரும்போதே வேண்டும்.

இப்போது எமது பாடசாலைக் கணினிக் கூடத்தில், மாணவர் எழுதும் சிறு மென்பொருளை இயக்கச் சொல்லிவிட்டு, நடுவே இணைப்புக் கம்பியைக் கழற்றிவிடுகின்றோம். என்ன நேர்ந்தது, பணம் என்னவாயிற்று, அடுத்து என்ன செய்யலாம் ஆகிய மூன்றையும் அவர்களது மென்பொருள் தமிழிற் சொல்லவேண்டும். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டவும் கூடாது. சென்ற தவணையில் ஒரு மாணவன் எழுதிய செய்தி இது:

"பதில் வரவில்லை. உங்கள் விண்ணப்பம் சேர்ந்ததா என்பது எமக்கு இன்னும் தெரியாது. மீண்டும் அழுத்தலாம், கட்டணம் ஒரு தடவையே கழியும்."

அன்று மாலை விறாந்தையில் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே. ஆனால் அதனைச் சொல்லும் கடமை எமக்கன்று, அம்மென்பொருளைச் செய்தவர்க்கே உரியது.