மைலோவுக்கு ஒரு மனு

இரண்டு மாதமாக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று காலை நடைக்கு வரும் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். சுகமில்லாமல் கிடக்கவில்லை. வீட்டில் வழக்கு மாதிரி ஒன்று நடந்தது. எதிரி எங்கள் நாய். இப்போது முடிந்துவிட்டதால் எழுதுகிறேன். நாய் வைத்திருக்கும் உங்களில் சிலருக்கு உதவக்கூடும்.

முதலில் மைலோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவி போய் ஆறு மாதம் கழித்து மகள் அதைக் காப்பகத்தில் இருந்து கொண்டுவந்தாள். பாதி கெல்பி, பாதி லாப்ரடோர். மைலோத் தூளின் நிறம், அதனால் பேத்தி வைத்த பெயர். நான் விரும்பவில்லை. எங்கள் ஊரில் நாய் முற்றத்தோடு நிற்கும். மிஞ்சிய சோறும் மீன் முள்ளும் அதற்கு. வாசற்படி தாண்டினால் விளக்குமாறு பறக்கும். இங்கே அது சோபாவில் ஏறிப் படுக்கிறது. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தேன்.

ஆனால் மகளும் மருமகனும் வேலைக்குப் போய், பேத்தியும் பள்ளிக்குப் போன பிறகு வீட்டில் மிஞ்சுவது நானும் அதுவும்தான். பகல் முழுக்கத் தமிழ் கேட்க வேறு ஆள் இல்லை. "இரு" என்றால் இருக்கும். "வா" என்றால் வரும். பின்னேரம் நாலு மணிக்கு நான் தேத்தண்ணி ஊற்றும் சத்தம் கேட்டால் மாரி பிஸ்கட்டுக்காகக் காலடியில் வந்து குந்தும். ஒரு வருடத்துக்குள் எனக்குத் தெரியாமலே அது என் நாயாகிவிட்டது.

சம்பவம் நடந்தது ஒரு வியாழக்கிழமை மாலை. மூன்றாவது வீட்டில் தனியாக இருக்கும் அம்மா மோல்ற்றா நாட்டவர், வயது எண்பதுக்கு மேல். அவருடைய சின்ன வெள்ளை நாயும் மோல்ற்றீஸ் இனம்தான். அதைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டைக் கடந்து போயிருக்கிறார். வெள்ளை நாய் குரைத்தது. பக்கக் கேற் திறந்து கிடந்தது. மைலோ பாய்ந்து போய் அதன் தோளைக் கவ்விவிட்டது. நான் ஓடிப்போய்க் கத்த, விட்டுவிட்டது. ஆனால் அந்த அம்மா தடுமாறி விழுந்து முழங்கால் உரசி இரத்தம். வெள்ளை நாய்க்குப் பதினொரு தையல்.

அடுத்த நாள் கவுன்சில் ரேஞ்சர் வந்தார். அமைதியான பெண். "கேற் எப்படித் திறந்தது?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "அன்றைக்கு ஒரு பிளம்பர் வந்தவர்."

சொன்னது பொய் இல்லை. பிளம்பர் வந்தவர்தான். ஆனால் அவர் மத்தியானமே கேற்றைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். பின்னேரம் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்துக்கொண்டு போய், திரும்பி வரும்போது கொக்கியைப் போட மறந்தது நான்தான். எழுபத்தாறு வயதில், மகள் முன்னால், மறதி என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. ஏற்கெனவே ஒருமுறை காஸ் அடுப்பை அணைக்காமல் விட்டுப் பேச்சு வாங்கியிருந்தேன்.

அடுத்த புதன்கிழமை கடிதம் வந்தது. மைலோவை "ஆபத்தான நாய்" என்று பிரகடனம் செய்யக் கவுன்சில் எண்ணியிருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் தரலாம் என்று. அன்றிலிருந்தே வெளியே கொண்டுபோனால் கயிறும் வாய்க்கூடும் கட்டாயம்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்கென்று 1998ஆம் ஆண்டின் துணை விலங்குகள் சட்டம் இருக்கிறது. இனம் எதுவென்பது இங்கே பேச்சில்லை. சீண்டல் இல்லாமல் ஒரு ஆளையோ விலங்கையோ தாக்கினால் எந்த நாயும் இதற்குள் வரலாம். பிரகடனம் செய்துவிட்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்று மருமகன் கணினியில் பார்த்து வாசித்தார். பத்துச் சதுர மீற்றருக்குக் குறையாத கூடு, 1.8 மீற்றர் உயரம், கொங்கிரீற் தரை, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. கழுத்தில் சிவப்பும் மஞ்சளும் கோடு போட்ட பட்டி. வீட்டு வாசல்களில் எச்சரிக்கைப் பலகை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் பொறுப்பில் விடக் கூடாது. ஆண்டுதோறும் அனுமதிக் கட்டணம் வேறு.

பலகை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் படலையில் "நாய் கடிக்கும் கவனம்" என்று பெருமையாக எழுதித் தொங்கவிட்டிருந்தோம். நாய் செத்துப் பல வருடமாகியும் பலகை தொங்கியது. அங்கே அது அந்தஸ்து. இங்கே அது தண்டனை.

சிரிப்பு நிலைக்கவில்லை. நாங்கள் இருப்பது வாடகை வீடு. சொந்தக்காரர் பின்வளவில் கொங்கிரீற் போட விடமாட்டார். பிரகடனம் செய்த நாயை வேறு ஒருவருக்கு விற்கவும் முடியாது, சும்மா கொடுக்கவும் முடியாது. பவுண்டில் ஒப்படைக்கலாம். அப்படி ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று பேத்தி கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பதினொரு வயது, பதில் தேவைப்படவில்லை.

மருமகன் கெட்டிக்காரர். அன்றிரவே ஆட்சேபம் எழுதிவிட்டார். "வெள்ளை நாய்தான் முதலில் குரைத்துச் சீண்டியது. பிளம்பர் கேற்றைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் பிழை ஒன்றும் இல்லை. மாமா, ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."

நான் முப்பது வருடம் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவன். காணிப் பிணக்கு, நிவாரணம், ஓய்வூதியம் என்று எத்தனையோ மனுக்கள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. அதில் ஒன்று படித்திருக்கிறேன். பிழை முழுவதும் மற்றவன் தலையில் என்று எழுதிய மனுவை ஐயா இரண்டாம் தரம் வாசிக்க மாட்டார். இன்ன இடத்தில் நான் தவறினேன், அதை இப்படித் திருத்திவிட்டேன் என்று எழுதியவனைக் கூப்பிட்டுக் கதைப்பார். ஊருக்கெல்லாம் அந்த ஆலோசனை சொன்ன நான், என் வீட்டு மனுவில் இருந்த பொய்க்கு நானே சொந்தக்காரன்.

நித்திரை வரவில்லை. அந்தப் பிளம்பர் வயிற்றுப்பாட்டுக்கு வேலை செய்கிற பையன். அவன் பெயர் ஒரு அரசாங்கக் கோப்பில் ஏறப்போகிறது. இன்னொன்றும் யோசித்தேன். கேற் எப்படித் திறந்தது என்று தெரியாவிட்டால், அது மறுபடி திறக்காது என்று கவுன்சில் எப்படி நம்பும்? அப்போது அவர்களுக்கு மிஞ்சுவது நாயைக் கூட்டில் போடுவது ஒன்றுதான். கிழவனின் மறதிதான் காரணம் என்றால், அதற்கு ஒரு கொக்கி போதும்.

விடிய மகளிடம் சொன்னேன். "பிளம்பர் இல்லைப் பிள்ளை. நான்தான்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியுமப்பா. பின் எடுக்கிற நாள்தானே. நீங்களே சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றாள்.

அன்று காலையே மூன்றாம் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்வதானால், மன்னிப்புக் கேட்க மட்டும் போகவில்லை. அவர் எங்களுக்காக ஒரு சொல் சொன்னால் நல்லது என்ற ஆசையும் மனதில் இருந்தது. அந்த அம்மா கம்பிக் கதவைத் திறக்காமலே நின்றார். முழங்காலில் கட்டு. வெள்ளை நாய் கழுத்தில் பிளாஸ்ரிக் கூம்பு மாட்டியபடி என்னைக் கண்டதும் நடுங்கியது. அது நடுங்கியதைப் பார்த்த பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கேற்றைச் சாத்த மறந்தது நான், மிருக வைத்தியரின் கணக்கை நான் கட்டுகிறேன் என்று சொன்னேன்.

அவர் கேட்டார், "என் புருஷன் போன பிறகு எனக்கு இவன் மட்டும்தான். அது உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அது அவருடைய நேரம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு இருந்து ஆட்சேபத்தைத் திருப்பி எழுதினோம். நான் தமிழில் சொல்ல மருமகன் ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே பக்கம். நடந்தது என்ன, யார் தவறு, ரேஞ்சரிடம் முதலில் நான் முழு உண்மையைச் சொல்லவில்லை என்பதும் சேர்த்து. வெள்ளை நாய் குரைத்தது என்று எழுதினோம், சீண்டியது என்று எழுதவில்லை. கயிற்றில் கட்டி றோட்டால் போகிற நாய் குரைப்பது அதன் இயல்பு. அதற்குப் பிறகு நாங்கள் செய்தவற்றை அடுக்கினோம்: தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிறிங், மேலே ஒரு பூட்டு, வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம், படம், பற்றுச்சீட்டு. மைலோ பதிவு செய்யப்பட்டது, மைக்ரோசிப் போட்டது, நலமடித்தது என்பதற்கு அத்தாட்சி. முன்பு ஒரு முறைப்பாடும் இல்லை என்று மிருக வைத்தியரின் கடிதம். பயிற்சியாளரிடம் பெயர் கொடுத்த சீட்டு. ஐந்தாம் நாள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, திகதி முத்திரை வாங்கி வந்தேன். கச்சேரிப் பழக்கம்.

ரேஞ்சர் மறுபடி வந்தார். கேற்றைத் திறந்து விட்டுப் பார்த்தார், தானாகச் சாத்தியது. மூன்று தரம் செய்தார். பிறகு மைலோவைப் பார்த்து ஆங்கிலத்தில் இருக்கச் சொன்னார். அது அவரை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது. "இரு" என்றேன். இருந்தது. "இவனுக்குத் தமிழ்தான் விளங்கும்" என்று பேத்தி விளக்கம் சொன்னாள். ரேஞ்சர் அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

போகும்போது என்னிடம் சொன்னார், "பக்கத்து அம்மாவிடமும் கதைத்தேன். உங்கள் நாய் நல்ல நாய் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் தானே வந்து தன் பிழை என்று சொன்னார் என்றார்."

மூன்று கிழமை கழித்து முடிவு வந்தது. பிரகடனம் செய்வதில்லை. நாய் தாக்கியதற்கு அபராதம் உண்டு. இன்னொரு சம்பவம் நடந்தால் இதையும் கணக்கில் எடுப்போம் என்ற எச்சரிக்கையும் உண்டு. கடிதத்தை மகள் வாசித்தபோது பேத்தி மைலோவைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் பின்வளவுக்குப் போய்க் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட்டேன். ஏற்கெனவே விட்டதுதான்.

அபராதத்தை என் ஓய்வூதியத்தில் கட்டினேன். மிருக வைத்தியரின் கணக்கையும் கட்டினேன். மகள் விடவில்லை, நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நண்பர்களே, இப்படி ஒரு கடிதம் வந்தால் மேசையில் போட்டுவிட்டுப் பயந்துகொண்டு இருக்காதீர்கள். ஏழு நாள் என்றால் ஏழு நாள்தான். பிரகடனம் செய்துவிட்டாலும் 28 நாளுக்குள் உள்ளூர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். பன்னிரண்டு மாதம் கழித்து அதை நீக்கும்படி கவுன்சிலிடமே விண்ணப்பிக்கவும் வழி உண்டு. பத்திரங்களைச் சேர்த்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், கேற்றைப் பாருங்கள்.

வெளியே போகும்போது மைலோவுக்கு வாய்க்கூடு இன்னும் போடுகிறேன். சட்டம் கேட்கவில்லை. ஆனால் அந்த அம்மா யன்னலால் பார்ப்பார். அவர் வீட்டைக் கடக்கும்போது நாங்கள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவோம். இரண்டு கிழமைக்கு முன்னால் முதல் தடவையாகக் கை காட்டினார். நானும் காட்டினேன். வெள்ளை நாய் குரைத்தது. "இரு" என்றேன். இருந்தது.