கண்ணாடி விட்டுச்சென்ற இடம்

தஞ்சைக்கு அருகே புள்ளமங்கையில் உள்ள முற்சோழர் காலக் கற்றளியைக் கண்டவர்கள் அதன் சிற்றுருவச் சிற்பங்களை மறந்திருக்க மாட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு கல்லில் இராமாயணக் காட்சி ஒன்று முழுமையாக நிகழ்ந்துகொண்டிருக்கும். சென்ற மார்கழியில் ஒரு மாலை, அத்தகைய சிற்பம் ஒன்றின் முன் மண்டியிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்த ஐயா, நெடுநேரமாகியும் விசையை அழுத்தவில்லை. பிறகு எழுந்து கேமராவை எங்களிடம் நீட்டினார்.

"நீங்களே எடுங்கள். எது தெளிவு, எது மங்கல் என்று எனக்குத் தெரியவில்லை."

இத்தனை ஆண்டுகளில் அவராகவே கேமராவைக் கொடுத்தது அதுவே முதன்முறை.

நாங்கள் மூவர். ஐயா எங்களுக்குப் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். மற்ற இருவரும் அவருடைய மாணவர்கள். 2009இல் மூவரும் பங்கிட்டு நிகான் டி90 ஒன்றும், 50 மி.மீ. எஃப்/1.8 'டி' வகை லென்ஸ் ஒன்றும் வாங்கினோம். கோயிலில் ஃபிளாஷ் போடுவதில்லை என்பது ஐயாவின் விதி. குறைந்த ஒளியிலும் படமெடுக்கும் அந்தச் சிறிய லென்ஸ் இல்லாமல் எங்கள் பயணங்களில் பாதி பயனற்றுப் போயிருக்கும்.

அன்று பேருந்தில் திரும்புகையில், நெடுநாள் தள்ளிவைத்திருந்த கேள்வியை எடுத்தோம். டி.எஸ்.எல்.ஆரை விட்டு மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிடலாமா?

அவ்விரண்டுக்குமான வேறுபாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியே நுழையும் ஒளி, சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, பட்டகத்தின் வழியே நம் கண்ணை அடைகிறது. விசையை அழுத்தும் கணத்தில் கண்ணாடி மேலெழுந்து ஒளிக்கு வழிவிட, சென்சாரில் படம் பதிகிறது. 'களக்' என்ற அந்த ஒலியில் பாதி, கண்ணாடி எழுந்து விழும் ஒலிதான். மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி இல்லை. ஒளி எப்போதும் சென்சாரிலேயே விழுகிறது. அது காண்பதை வியூஃபைண்டருக்குள் உள்ள சிறு திரை நமக்குக் காட்டுகிறது.

ஐயாவின் மறுப்பு இந்த இடத்தில்தான். "கண்ணாடியில் நான் காண்பது சிற்பத்தின் மேல் பட்டு வந்த வெயில். திரையில் காண்பது சிற்பத்தின் படம். படத்தைப் பார்த்துப் படமெடுப்பதற்குக் கோயிலுக்கு ஏன் போக வேண்டும்?" என்பார். எங்களிடம் இதற்குப் பதில் இருந்ததில்லை.

ஆனால் காலம் எங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. 2008இல் பானசோனிக் ஜி1 வந்தபோது அதை விளையாட்டுப் பொருளாக எண்ணியவர்களில் நாங்களும் உண்டு. 2013இல் சோனி, முழுச்சட்டச் சென்சாருடன் ஏ7 கேமராவைக் கொண்டுவந்தது. நிகானின் முதல் முயற்சியான 'நிகான் 1' வரிசை 2011இல் சிறிய சென்சாருடன் தொடங்கி 2018இல் முடிவுக்கு வந்தது. அதே 2018இல் இசட்7, இசட்6 ஆகிய இரண்டையும் நிகான் அறிவித்தது. டி780, டி6 இரண்டும் 2020இல் வந்தன. அவற்றுக்குப் பின் நிகானிடமிருந்து புதிய டி.எஸ்.எல்.ஆர். எதுவும் வரவில்லை. எஸ்.எல்.ஆர். உருவாக்கத்தை அந்நிறுவனம் கைவிடுகிறது என்று 2022இல் ஜப்பானிய நாளிதழான நிக்கேய் எழுதியது. அது ஊகம் என்றும், உற்பத்தியும் விற்பனையும் தொடர்கின்றன என்றும் நிகான் விளக்கமளித்தது. தயாரிப்பது வேறு, புதிதாய் உருவாக்குவது வேறு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

எங்களை உறுத்தியது கேமரா அன்று, லென்ஸ். 1959இல் 'நிகான் எஃப்' கேமராவோடு வந்த எஃப் மவுண்ட், அதாவது கேமராவில் லென்ஸைப் பூட்டும் வளையம், அறுபதாண்டுகளாக அடிப்படை அளவு மாறாமல் தொடர்ந்தது. தந்தையின் லென்ஸை மகன் தன் கேமராவில் பூட்ட முடிந்தது. இசட் கேமராக்களின் வளையமோ முற்றிலும் புதியது. இதை நம்பிக்கைத் துரோகம் என்றே நாங்கள் பேசிவந்தோம்.

வரலாற்று ஆசிரியரிடம் படித்தவர்கள் ஆயிற்றே; பழையதைச் சற்றுப் புரட்டினோம். புரட்டியபோது எங்கள் சினம் தணிந்தது. 1959க்கு முன்பு நிகானின் புகழ் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் இருந்தது. 1957இல் வந்த 'எஸ்பி' அவற்றின் உச்சம். அக்கேமராக்களில் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை. தனியே உள்ள ஒரு சாளரத்தின் வழியே பார்க்க வேண்டும். அடுத்த இரண்டே ஆண்டுகளில், எஸ்பியின் உடலமைப்பையே அடியாகக் கொண்டு, நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டியைச் செருகி, புதிய வளையத்தோடு நிகான் எஃப் வந்தது. எஸ்பிக்காக வாங்கிய லென்ஸ்கள் அதில் நேரே பொருந்தவில்லை. நாங்கள் மரபு என்று போற்றிய எஃப் மவுண்டே ஒரு முறிவிலிருந்து பிறந்ததுதான்.

இம்முறை முறிவுக்குக் காரணம் அளவுகள். கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும். ஆகவே எஃப் மவுண்டில் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. தொலைவு இருந்தது. கண்ணாடி போனதும் அத்தொலைவு 16 மி.மீ. ஆகக் குறைந்தது. வளையத்தின் உள்விட்டம் 55 மி.மீ. ஆக விரிந்தது. லென்ஸின் பின்பகுதி சென்சாரை நெருங்கி நிற்க முடிவதால், விளிம்புவரை கூர்மையான அகலக்கோண லென்ஸ்களை உருவாக்குவது எளிதாயிற்று. இழப்பும் உண்டு. எங்கள் லென்ஸ் போன்ற 'டி' வகையில் மோட்டார் இல்லை. கேமரா உடலில் உள்ள மோட்டார் ஒரு திருகின் வழியே அதைச் சுழற்றும். பழைய லென்ஸ்களை இசட் கேமராவில் பூட்ட நிகான் தரும் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. லென்ஸ் பொருந்தும், ஆனால் ஆட்டோஃபோகஸ் இயங்காது.

இவ்வளவும் படித்து முடித்த பிறகும் ஐயா அசையவில்லை. அவரை அசைத்தது வேறு. திருமணங்களுக்குப் படமெடுக்கும் நண்பர் ஒருவர் தம் இசட்6ஐயும் அடாப்டரையும் ஒருநாள் இரவல் தந்தார். மீண்டும் புள்ளமங்கை, மீண்டும் மாலை. ஐயா எங்கள் லென்ஸைப் பூட்டிக் கண்ணில் வைத்தார். மங்கிய வெளிச்சத்தைத் திரை கூட்டிக் காட்டியது. ஒரு பொத்தானைத் தொட்டதும், சிற்பத்தின் முகம் மட்டும் பல மடங்கு பெரிதாகி நின்றது. லென்ஸின் வளையத்தை அவர் விரலால் மெல்லத் திருப்பினார். கூர்மை பொருந்தியதும் கட்டம் பச்சையாக மாறியது.

கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இந்தக் குரங்கின் வாலில் உளி தவறியிருக்கிறது. இத்தனை வருடம் நாம் பார்க்கவில்லையே!"

டி90இல் எடுத்த எங்கள் படங்களிலும் அந்தப் பிழை இருந்தது. வீடு திரும்பிப் பெரிதாக்கிப் பார்த்தபோது அறிந்தோம். படத்தில் இருந்தும், அங்கே நின்றபோது நாங்கள் அதைக் காணவில்லை. படத்தைப் பார்த்துப் படமெடுக்கக் கோயிலுக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வியை ஐயா பிறகு எழுப்பவில்லை. மாறாக, "அந்த அடாப்டரின் தடிமன் எவ்வளவு?" என்று கேட்டார். பழைய தொலைவுக்கும் புதிய தொலைவுக்கும் உள்ள வேறுபாடு, 30.5 மி.மீ. என்றோம். "அப்படியானால் கண்ணாடி நின்ற இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கிறது" என்றார். உண்மைதான். கண்ணாடி காலிசெய்த இடம் இருப்பதால்தான் எங்கள் பழைய லென்ஸுக்கு அங்கே இடம் கிடைத்தது.

இனி நிகானின் வரிசை எப்படி அமையும்? மேல்படிகளைப் பற்றி எமக்குக் கவலை இல்லை. 2021இல் வந்த இசட்9, இயந்திர ஷட்டரையே நீக்கிவிட்டது. 2023இன் இசட்8 அதே ஆற்றலைச் சிறிய உடலில் தந்தது. திரைப்படக் கேமராக்கள் செய்யும் ரெட் நிறுவனத்தை 2024இல் நிகான் வாங்கியதும், 2025இல் இசட்ஆர் என்ற திரைப்படக் கேமராவை வெளியிட்டதும் அது எத்திசையில் நடக்கிறது என்பதைக் காட்டுகின்றன. 1982இன் எஃப்எம்2 கேமராவின் சாயலில் 2023இல் வந்த இசட் எஃப், பழையவர்களின் ஏக்கத்துக்கும் ஒரு படி அமைத்திருக்கிறது. கண்ணாடியே வேண்டும் என்பாருக்குப் பென்டாக்ஸ் இருக்கிறது, எஸ்.எல்.ஆரே தம் வழி என்று அந்நிறுவனம் 2020இல் அறிவித்து, மறு ஆண்டு கே-3 மார்க் III கேமராவை வெளியிட்டது.

எம் கவலை கீழ்ப்படி பற்றியது. 2018இல் டி3500, லென்ஸோடு சேர்த்து ஏறத்தாழ 500 அமெரிக்க டாலர் விலையில் வந்தது. 2022இல் வந்த இசட்30, லென்ஸோடு 850 டாலரைத் தொட்டது; அதில் வியூஃபைண்டரும் இல்லை. முதல் கேமரா வாங்க வரும் மாணவரின் கையில் இன்று ஏற்கெனவே ஒரு கைப்பேசி இருக்கிறது. அவர் ஏன் வர வேண்டும் என்று நிறுவனம் கணக்கிடுவது நியாயமாக இருக்கலாம். ஆனால் 1959 முதல் ஒருவர் ஒரு கேமராவில் தொடங்கி வாழ்நாள் முழுதும் ஒரே வளையத்தோடு இருந்தது, தொடங்குவதற்கு ஒரு படி இருந்ததால்தான். ஏணியின் முதல் படி உயர்ந்துகொண்டே போனால் நாளை மேல்படியில் நிற்க யார் இருப்பார்? ஒரு கேமரா நிறுவனத்தின் வருங்காலத்தை அதன் உச்சியில் உள்ள கேமராவைக் கொண்டு அளப்பதைவிட, இந்தக் கேள்வியைக் கொண்டு அளப்பதே சரி என்று எமக்குத் தோன்றுகிறது.

பழையதாக ஓர் இசட்6 வாங்கிவிட்டோம். எங்களோடு கோயில்களுக்கு வரத் தொடங்கியிருக்கும் கல்லூரி மாணவி ஒருவரிடம் இப்போது டி90 இருக்கிறது. அந்தக் கேமராவில்தான் எங்கள் லென்ஸின் ஆட்டோஃபோகஸ் இயங்குகிறது. இந்தக் கேமராவில்தான் ஐயாவுக்குக் கண் தெரிகிறது. ஆகையால் லென்ஸ் மட்டும் வாரம் ஒருமுறை இரு வீடுகளுக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறது.

(இக்கட்டுரையை எழுதியது நாங்கள் இருவர், பிழை திருத்தியவர் ஐயா.)